அம்மா வீட்டு உறவுகள் குரூப்: அப்பாவோட வலி மாத்திரை

கார்த்தி, காலை 7:12
சித்தி, அப்பாவுக்கு கேன்சர் வலிக்கு நேத்து மார்ஃபின் 10 மி.கி. எழுதிட்டாங்க. 4 மணி நேரத்துக்கு ஒண்ணு. இப்ப வலி இல்லைங்கறார். குடுக்கணுமா?

கமலா சித்தி, 7:19
குடு. வலி இல்லாம இருக்கறதே மாத்திரையாலதான். விட்டுட்டு, வலி ஏறினப்புறம் குடுத்தா அடங்க நேரமாகும். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ஒவ்வொண்ணு. ராத்திரி 10க்கு ரெண்டு. சீட்டுல அப்படித்தானே இருக்கு?

கார்த்தி, 7:21
ஆமா. ஏன் ராத்திரி மட்டும் ரெண்டு?

கமலா சித்தி, 7:22
2 மணிக்கு எழுப்ப வேண்டாமேன்னுதான்.

கார்த்தி, 7:23
நடுவுல வலிச்சா?

கமலா சித்தி, 7:27
கூடுதலா ஒரு 10 மி.கி. ஒரு நாள் மொத்தம் 60, அதுல ஆறுல ஒரு பங்குதான் அவசர டோஸ். அரை மணியிலேர்ந்து ஒரு மணிக்குள்ள கேட்கும். அதைக் குடுத்துட்டோம்னு அடுத்த வேளை மாத்திரையை விட்டுடாதே, எல்லாரும் அங்கதான் கோட்டை விடுவாங்க. ஒரே நாள்ல மூணு தடவைக்கு மேல தேவைப்பட்டா டோஸ் பத்தலைன்னு அர்த்தம், டாக்டருக்குப் போன் போடு. நீயா கூட்டாதே.

அம்மா, 7:31
கமலா, மார்ஃபின்னா கடைசி கட்டத்துக்குத்தானே குடுப்பாங்க? பழகிட்டா என்னடி பண்றது?

கமலா சித்தி, 7:36
வலி எவ்வளவுன்னு பார்த்துக் குடுக்கறது அக்கா, நாள் எவ்வளவுன்னு பார்த்து இல்ல. வலிக்காகக் குடுக்கறப்ப போதைப் பழக்கம் அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியா குறைப்பார். முதல் ரெண்டு மூணு நாள் தூங்கிக்கிட்டே இருப்பார், குமட்டும். ஒரு வாரத்துக்குள்ள சரியாகும். சரியாகவே ஆகாதது மலச்சிக்கல்தான்.

முரளி மாமா, 7:40
அதுக்கு பிசகோடில் எழுதியிருக்காங்களா?

கார்த்தி, 7:41
5 மி.கி. ரெண்டு, ராத்திரி. பாலோட குடுத்தோம் மாமா.

முரளி மாமா, 7:44
பால் வேண்டாம்! அதோட மேல் பூச்சு குடல்ல போய்க் கரையணும். பாலும் அசிடிட்டி மருந்தும் வயித்துலயே கரைச்சுடும், சுருட்டிப் பிடிச்சு வலிக்கும். வெந்நீர்ல குடு, பாலுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. உடைக்காதே. இசப்கோலும் இப்ப வேண்டாம், அத்தான் தண்ணியே குடிக்கறதில்ல, உள்ள கட்டிக்கும்.

கமலா சித்தி, 7:48
மூணு நாள் போகலைன்னா சொல்லு. சிக்கலுக்கு அப்புறம் திடீர்னு தண்ணியா கசிஞ்சா பேதின்னு நினைச்சு மலமிளக்கியை நிறுத்திடாதே. கெட்டிப்பட்டதைச் சுத்திக் கசியறதா இருக்கலாம், நர்ஸ் பாத்துத்தான் சொல்லணும்.

முரளி மாமா, 7:52
இன்னொண்ணு. தெரு முனை கிளினிக்ல வலிக்குன்னு பென்டாசோசின் ஊசி போட்டுடாதீங்க, மார்ஃபினோட வேலையையே கெடுத்து வலியைக் கிளப்பிடும். கீமோ நடக்கறப்ப டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் கடையில கேட்டு வாங்காதே, பிளேட்லெட்டும் கிட்னியும் பாக்காம குடுக்கக் கூடாது.

கார்த்தி, 7:55
கால் எரியுது, ஷாக் அடிக்கற மாதிரி இருக்குன்னும் சொல்றார்.

கமலா சித்தி, 7:59
அது நரம்பு வலி. மார்ஃபின் மட்டும் முழுசா கேட்காது, கபாபென்டின் மாதிரி ஒண்ணு சேப்பாங்க. இன்னிக்கே டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லு. நடக்கறப்ப கால் தள்ளாடுதா, ஒண்ணுக்குப் போக சிரமமா, முதுகுல புதுசா வலியான்னு கேளு. ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரி. தண்டுவடம் நசுங்கினா மணிக்கணக்குதான் நேரம்.

கார்த்தி, 8:06
கேட்டேன் சித்தி, மூணும் இல்லை.

கமலா சித்தி, 8:09
நல்லது. எழுப்பினா எழலைன்னாலும், மூச்சு நிமிஷத்துக்கு 8க்குக் கீழே போனாலும் 108தான். மூத்திரம் குறைஞ்சு கை கால் வெட்டி வெட்டி இழுத்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லு. கிட்னி வெளியேத்தாம மருந்து உடம்புல தங்குது. நோட்டுல நேரம், வலி பத்துக்கு எத்தனை, கூடுதல் டோஸ், மலம் போச்சா, இந்த நாலும் எழுது.

முரளி மாமா, 8:14
மாத்திரையைப் பூட்டி வை, வீட்டுல குழந்தைங்க இருக்கு. இது எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது, அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரியிலதான். ஒரு நாளைக்கு 6, கூடுதலுக்கு 2ன்னு 8 கணக்கு வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை எண்ணு, 24க்குக் கீழே இருந்தா சனிக்கிழமை காலையிலயே சீட்டோட போய் வாங்கிடு.