அகிரா: படமா, மங்காவா, எது முதல்ல?

காட்பாடிக்காரன்: வேலூர் அனிமே குரூப்புல 'அகிரா'ங்கிற ஜப்பானிய அனிமேஷன் படத்தால ரெண்டு கட்சி ஆகிடுச்சு. கடைசி அரை மணி நேரம் தலையும் புரியல வாலும் புரியலன்னு பாதிப் பேர் சொல்றாங்க. புதுசா வர்றவங்க எதுல ஆரம்பிக்கணும், படத்துலயா, இல்ல அதோட மூலமான மங்காவுலயா (ஜப்பானிய காமிக்ஸ்)?

சத்துவாச்சாரி: குழப்பத்துக்குக் காரணம் இருக்கு ப்ரோ. படம் வந்தது 1988, மங்கா முடிஞ்சது 1990. 6 தொகுதி, 2000 பக்கத்துக்கு மேல. அதை 124 நிமிஷத்துல அடைச்சிருக்காங்க. மங்காவுல அகிரா உயிரோட வர்ற சின்னப் பையன். படத்துல ஒலிம்பிக் மைதானத்துக்கு அடியில ஜாடியில கிடக்குற உடல் பாகங்கள்! மங்காவுல முக்கியப் பாத்திரமான மியாகோவும் படத்துல சும்மா தலைகாட்டிட்டுப் போயிடுறாங்க. முடிவு ஒட்டாததுக்கு இதான் காரணம்.

ஆற்காட்டு ரசிகை: ஒட்டலன்னு ஒத்துக்கவே மாட்டேன் அண்ணா. மங்காவை வரைஞ்சதும் படத்தை இயக்கினதும் கட்சுஹிரோ ஓட்டோமோதான், ரெண்டுமே அவர் கைவேலை. கதையில வர்ற டெட்சுவோங்கிற பையனோட உடம்பு ஊதிப் பெருகுற காட்சியோட பயத்தைத் தாள்ல கொண்டுவர முடியாது. படமே முதல்ல, அதுவும் ஜப்பானிய ஒலியில. வசனத்தைப் பதிவு பண்ணிட்டுத்தான் வாயசைவு வரைஞ்சாங்க, டப்பிங்ல அது கெட்டுடும்.

ராணிப்பேட்டை: மங்காவை 1ஆம் தொகுதியில இருந்தே படிங்க. படம் பார்த்த தைரியத்துல 3க்குத் தாவினா ஒண்ணும் புரியாது.