புதுப்பிப்பு: 18446744073709551617-இன் காரணிகள் கிடைத்துவிட்டன

2-இன் 64-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் இந்த எண், அடி 2-இல் பெர்மா சோதனையைத் தாண்டுவதால் (அதாவது, 2-ஐ இவ்வெண்ணிலும் ஒன்று குறைந்த அடுக்குக்கு ஏற்றி இவ்வெண்ணால் வகுத்தால், முதன்மை எண்களுக்கு வருவது போலவே மீதி 1 வருவதால்) முதன்மை எண்தானா என்று, வெள்ளவத்தையில் நான் எடுக்கும் உயர்தர வகுப்பில் எழுந்த கேள்வியை முன்னர் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இது சேர்த்தி எண்ணே: 274177 × 67280421310721. பிரெஞ்சுக் கணிதர் லான்ட்ரி 1880-இல் வெளியிட்ட காரணிகளும் இவையே.

பலன் தந்தது, பிரித்தானியக் கணிதர் பொலார்டின் 1974-ஆம் ஆண்டுக் காரணி காணும் முறை. 3-ஐ, 1 முதல் 17 வரையான எண்களின் பெருக்கத்துக்கு அடுக்கேற்றி, நம் எண்ணால் வகுத்த மீதியிலிருந்து 1-ஐக் கழித்து, அதற்கும் நம் எண்ணுக்கும் பொதுக் காரணிகளுள் பெரியதை (பொ.கா.பெ.) கண்டால் 274177 நேராக வந்து நிற்கிறது. ஏனெனில் 274177-இல் ஒன்றைக் கழித்தால் வரும் 274176 என்பது 2-இன் 8-ஆம் அடுக்கு, 9, 7, 17 ஆகியவற்றின் பெருக்கம் மட்டுமே; ஆகவே அது 1 முதல் 17 வரையான பெருக்கத்தை மீதியின்றி வகுக்கும். மற்றக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 47, 373 போன்றவை குறுக்கிடுவதால் அது இதில் அகப்படாது.

எதிர்பாராதது: அடியாக 2-ஐ வைத்தால் பொ.கா.பெ. முழு எண்ணாகவே திரும்பி வருகிறது. 2-இன் 128-ஆம் அடுக்கு இவ்வெண்ணால் வகுபடும்போது மீதி 1 என்பதே காரணம். பெர்மா சோதனை ஏமாந்ததும் இதனாலேயே.

கணினி இல்லாதோருக்கு, 256-இன் மடங்குடன் 1 கூட்டிய எண்களால் மட்டும் (இவ்வெண்ணின் காரணிகள் அவ்வடிவிலேயே அமையும்) வகுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் சரியானதே, பொறுமை வேண்டும்: விடை 1071-ஆவது மடங்கில் இருக்கிறது.