டபிள்யூஎக்ஸ் பைத்தான்: பெரிய போட்டோவை ஜூம் செய்தால் தொங்குகிறது, படமும் மங்கிப்போகிறது. இமேஜ், பிட்மேப் எதை எங்கே வைக்க வேண்டும்?

பாளை ஸ்டுடியோ

வணக்கம். பாளையங்கோட்டையில் மாமாவின் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த கல்யாண ஆல்பங்களை ஆட்கள் இன்னும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துக் காயவைத்து, ஒவ்வொரு போட்டோவையும் கேமராவில் எடுத்து, கறை எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துக் குறிக்கிறோம். அதற்காக நானே டபிள்யூஎக்ஸ் பைத்தானில் (பைத்தான் மொழியில் ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய உதவும் நூலகம்) ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கடையில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் லேப்டாப், ஒரே புரோகிராம் கோடு இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

படம் ஒவ்வொன்றும் 6000க்கு 4000 பிக்சல். மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது, திரையில் இருக்கும் பிட்மேப்பை கன்வெர்ட்-டு-இமேஜ் போட்டு இமேஜாக்கி, ஸ்கேல் செய்து, திரும்ப பிட்மேப்பாக்கி வரைகிறேன். நாலைந்து தடவை உள்ளே போய் வெளியே வந்தால் முகமெல்லாம் மெழுகு பூசியது மாதிரி ஆகிவிடுகிறது. 200 சதவீதத்துக்குப் போனால் கடைக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று. மேலே ஒரு பூ பார்டர் வைக்கிறோம், பிஎன்ஜி கோப்பு, நடுவில் ஒன்றும் இருக்காது. அதை பில்லோவில் (பைத்தானில் படங்களைக் கையாளும் நூலகம்) திறந்து இமேஜாக்கினால் நடுப்பகுதி முழுக்கக் கறுப்பாக வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள், ஆல்பத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு நாள் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

கல்லிடைக்காரன்

தம்பி, நீங்கள் ஸ்டுடியோ ஆள் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். இமேஜ் என்பது நெகட்டிவ், பிட்மேப் என்பது பிரிண்ட். பிரிண்டைப் போட்டோ எடுத்து அதிலிருந்து இன்னொரு பிரிண்ட் போட்டு, அதையும் போட்டோ எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் கோடு ஒவ்வொரு உருட்டலுக்கும் அதைத்தான் செய்கிறது. சின்னதாக்கியபோது தொலைந்த பிக்சல், மறுபடி பெரிதாக்கினால் வராது.

இந்த இரண்டு கிளாஸும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எல்லாம் தெளிவாகிவிடும். டபிள்யூஎக்ஸ் பைத்தானுக்கு அடியில் இருக்கிற டபிள்யூஎக்ஸ், 1992ல் தொடங்கியதிலிருந்தே அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான், சொந்த ஜன்னல் இவற்றை வைத்தே வேலை செய்யும் நூலகம். பிட்மேப்பும் அப்படித்தான், விண்டோஸில் விண்டோஸுக்குரிய பொருள், லினக்ஸில் ஜன்னல்களை வரைகிற ஜிடிகே நூலகத்துக்குரிய பொருள். திரையில் வேகமாக வரைய அதுதான் வேண்டும், டிரா-பிட்மேப் பிட்மேப்பைத்தான் கேட்கும். இமேஜ் அப்படி இல்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி, பிக்சலுக்கு மூன்று பைட் வரிசையாக நிற்கிற வெறும் நினைவகம். வெட்டுவது, சுழற்றுவது, ஒரு பிக்சலின் நிறத்தைப் படிப்பது, கோப்பில் சேமிப்பது எல்லாம் அதில் செய்யுங்கள்.

ஆகவே கோப்பைத் திறந்ததும் வருகிற இமேஜை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு அதைத் தொடவே தொடாதீர்கள். ரீஸ்கேல் அந்த இமேஜையே மாற்றிவிடும், ஸ்கேல் புதிதாக ஒன்றைத் தரும், அதனால் ஸ்கேல் மட்டும் பயன்படுத்துங்கள். ஜூம் எத்தனை சதவீதம் என்ற எண்ணை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் அசலிலிருந்தே புதிய பிட்மேப் செய்யுங்கள். கன்வெர்ட்-டு-இமேஜ் உங்கள் புரோகிராமில் தேவையே இல்லை.

அப்புறம் தொங்குவது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அசலே 2.4 கோடி பிக்சல், 72 எம்பி. 200 சதவீதம் என்றால் 12000க்கு 8000, அதாவது 9.6 கோடி பிக்சல், இமேஜுக்கு 288 எம்பி, அதைப் பிக்சலுக்கு நாலு பைட் பிட்மேப்பாக்கினால் இன்னும் 384 எம்பி. ஒரு உருட்டலுக்கு இவ்வளவு! ஆனால் உங்கள் ஜன்னல் 1200க்கு 800தான் என்றால் அந்த ஜூமில் கண்ணுக்குத் தெரிவது அசலில் 600க்கு 400 துண்டு மட்டுமே. கெட்-சப்-இமேஜ் வைத்து அந்தத் துண்டை வெட்டி, அதை மட்டும் 1200க்கு 800 ஆக்கிப் பிட்மேப்பாக்குங்கள். இமேஜ் மூன்று எம்பிகூட வராது, பிட்மேப் நாலு எம்பிகூட வராது. முழுப் படமும் தெரிகிற அளவுக்கு வெளியே வரும்போது மட்டும் முன்பே சுருக்கி வைத்த ஒரு சின்ன பிரதி இருந்தால் நல்லது.

கறை பார்க்க உள்ளே போகும்போது ஸ்கேலில் ஹை குவாலிட்டி போடாதீர்கள், அது பிக்சல்களைக் குழைத்துக் காட்டும், சின்னப் புள்ளிகள் மறைந்துபோகும். சாதாரண முறையே போதும். சுருக்கும்போதுதான் ஹை வேண்டும்.

முக்கியமாக, இந்த மாற்றத்தை, ஜன்னலைத் திரும்ப வரையச் சொல்லி வருகிற பெயின்ட் நிகழ்வுக்குள் செய்யாதீர்கள். ஜூமோ இடமோ மாறும்போது ஒரு தடவை பிட்மேப் செய்து வைத்துவிட்டு, பெயின்ட் வரும்போது அதை வரைய மட்டும் செய்யுங்கள். வேறு ஜன்னல் மேலே வந்துபோனால்கூட சில கம்ப்யூட்டர்களில் பெயின்ட் வரும்.

வண்ணாரப்பேட்டை

பூ பார்டருக்கு நான் சொல்கிறேன், நானும் ஒரு தடவை இதில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பில்லோவில் கன்வெர்ட் ஆர்ஜிபி போடுகிறீர்கள் அல்லவா, அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும், அங்கேயே ஆல்ஃபா, அதாவது எந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்கிற தகவல், போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கும் ஒரு நிறம் இருக்கும், பெரும்பாலும் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். ஆல்ஃபா போனதும் அந்தக் கறுப்பு வெளியே வந்துவிடுகிறது.

டபிள்யூஎக்ஸ் இமேஜில் ஆல்ஃபா நிறத்தோடு சேர்ந்து இருக்காது, தனி அடுக்காக இருக்கும். நாலு பைட் ஆர்ஜிபிஏ தரவை அப்படியே செட்-டேட்டாவில் கொடுத்தால் அளவு பொருந்தவில்லை என்று பிழை வரும். முதலில் ஆர்ஜிபிஏ ஆக்கிக்கொண்டு, அதன் ஆர்ஜிபி பகுதியை இமேஜுக்குக் கொடுங்கள், பிறகு ஏ சேனலை மட்டும் கெட்-சேனல் வைத்து எடுத்து செட்-ஆல்ஃபாவில் கொடுங்கள். திரையில் காட்ட மட்டும் என்றால் இன்னும் எளிது, பிட்மேப்பில் ஃப்ரம்-பஃபர்-ஆர்ஜிபிஏ இருக்கிறது, நேராகப் போய்விடலாம்.

ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற கோப்பை ஒருபோதும் திரைப் பிட்மேப்பிலிருந்து எடுக்காதீர்கள். விண்டோஸில் ஆல்ஃபா உள்ள பிட்மேப் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கித்தான் வைத்திருக்கும், திரும்ப இமேஜாக்கும்போது வகுக்க வேண்டும், பாதி மறைந்த ஓரங்களில் நிறம் கொஞ்சம் தள்ளிப்போகும். பார்டரையும் போட்டோவையும் பில்லோவிலேயே ஆல்ஃபா-காம்போசிட் செய்து முழு அளவில் சேமியுங்கள்.

பாளை ஸ்டுடியோ

இரண்டு அண்ணாச்சிமாருக்கும் ரொம்ப நன்றி. துண்டு வெட்டிக் காட்டுவது பிரமாதமாக வேலை செய்கிறது, 400 சதவீதத்தில்கூட சக்கரத்தோடு சேர்ந்தே நகர்கிறது. பார்டரும் சரியாகிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. அடுத்த படத்தைப் பின்னணியில் தயாராக வைக்க ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) போட்டேன், அதிலேயே திறந்து, சுருக்கி, பிட்மேப்பும் ஆக்கிவிடுகிறேன். கடையில் ஓடுகிறது, வீட்டு லினக்ஸில் பத்துப் படம் தாண்டுவதற்குள் புரோகிராம் தானே மூடிக்கொள்கிறது, பிழைச் செய்தியும் இல்லை.

கல்லிடைக்காரன்

பிட்மேப்தான் காரணமாக இருக்கும். அது இயங்குதளத்துக்குரிய பொருள் என்றேனே, அப்படிப்பட்ட எதையும் முதன்மை த்ரெட்டில்தான் உண்டாக்க வேண்டும். கடையில் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அங்கே இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான். பின்னணியில் இமேஜோடு நிறுத்திக்கொண்டு, முடிந்ததும் கால்-ஆஃப்டர் வழியாக அதை முதன்மை த்ரெட்டுக்கு அனுப்பி, அங்கே பிட்மேப்பாக்குங்கள். அனுப்பிய பிறகு பின்னணி த்ரெட் அந்த இமேஜை மறுபடி தொடக் கூடாது.

பக்கவாட்டில் சின்னப் படங்கள் காட்டுவதாக இருந்தால், லோட்-ஃபைல் கூப்பிடுவதற்கு முன்னால் செட்-ஆப்ஷனில் மேக்ஸ்-விட்த், மேக்ஸ்-ஹைட் கொடுத்துவிடுங்கள். ஜேபெக் கோப்புகளைத் திறக்கும்போதே சுருக்கித் தரும், முழுசாகத் திறந்து பிறகு சுருக்குவதைவிடப் பல மடங்கு வேகம்.

வண்ணாரப்பேட்டை

சேமிக்கும்போது குவாலிட்டி எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். பில்லோ ஜேபெக்கை ஒன்றும் சொல்லாவிட்டால் 75ல் சேமிக்கும், நனைந்த போட்டோவில் மிச்சமிருக்கிற கொஞ்ச விவரத்தையும் அது தின்றுவிடும். 95 போடுங்கள்.

பாளை ஸ்டுடியோ

கால்-ஆஃப்டர் மாற்றியபின் நேற்று ராத்திரி வீட்டில் 140 படம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூட மூடவில்லை. முன்பு 75ல் சேமித்த இரண்டு ஆல்பங்களை அசலிலிருந்து 95ல் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றோரத்துத் தெருவிலிருந்து ஒரு ஆச்சி கொடுத்த ஆல்பம் அதில் ஒன்று, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.