வருட பாஸா, கம்பெனி பங்கா? தீம் பார்க் போய் வந்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி

சீசன் முடிஞ்சு மண்டி ஓய்ஞ்சதும் பசங்களைக் கூட்டிக்கிட்டு பெங்களூரு பக்கம் பிடதியில இருக்கிற வொண்டர்லா பார்க் போறது எங்க வீட்டு வழக்கம். இந்த வாட்டி மச்சான் ஒரு யோசனை சொல்றான். "டிக்கெட்டுக்கு அழற காசுல அந்தக் கம்பெனி பங்கையே வாங்கிப் போடுங்க மாமா, பங்குதாரருக்கு தள்ளுபடி தருவாங்க, வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்"னு. வீட்டம்மா வருட பாஸ் எங்கயாவது கிடைக்குமான்னு பாக்கச் சொல்றாங்க. ரெண்டுல எதையாவது செஞ்சு பாத்தவங்க இருந்தா எழுதுங்க. கேள்விப்பட்டது வேண்டாங்க, அனுபவிச்சது வேணும்.

ஓசூர் ஜெனரல் ஷிஃப்ட்

அண்ணா, உங்க மச்சான் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. நான் அதைப் பக்கத்துல இருந்து பாத்தவன்.

கம்பெனி என்னை இங்கிலாந்து அனுப்பினப்போ ஸ்லவ் ஊர்ல குடியிருந்தோம். விண்ட்சர் லீகோலேண்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பார்க், ஆல்டன் டவர்ஸ், தோர்ப் பார்க், லண்டன் ஐ, மேடம் துசோ எல்லாமே மெர்லின்னு ஒரே கம்பெனி கையில. ஒரு வருட பாஸ் எடுத்தா எல்லாத்துக்கும் போகலாம். 2013 நவம்பர்ல மெர்லின் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்துச்சு. பங்கு 315 பென்ஸ், அதாவது 3.15 பவுண்டு. பொதுமக்கள் குறைஞ்சது 1,000 பவுண்டுக்கு வாங்கணும், வாங்கினா வருட பாஸ்ல 30 சதவீதம் தள்ளுபடின்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு குஜராத்தி அண்ணன் உடனே போட்டார். நாங்க பாஸ் மட்டும் எடுத்தோம்.

முதல்ல பாஸைப் பத்தி. மிச்சமாகிற பணத்தை விட, பாஸ் இருந்தா போற விதமே மாறிடுதுங்க. ஒரு நாள் டிக்கெட்னா காலையில கேட் திறக்கும்போது நிக்கணும், மூடுற வரைக்கும் ஓடணும், மழை பேஞ்சா வயிறு எரியும். பாஸ் வெச்சிருந்தா சாயந்திரம் ரெண்டு மணி நேரம் போயிட்டு, நாலு ரைடு ஏறிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். என் மக தூங்கிட்டா அப்படியே திரும்பிடுவோம், வருத்தமே இருக்காது. ஆனா விலை கம்மியான பாஸ்ல ஆகஸ்ட் லீவு நாட்கள் பலதுல உள்ள விடமாட்டாங்க. நமக்கு லீவு கிடைக்கிறதே அப்பத்தான்!

இப்ப பங்குக்காரர் கதை. 2015 ஜூன்ல ஆல்டன் டவர்ஸ்ல ஸ்மைலர் ரோலர் கோஸ்டர் மோதி பலருக்கு அடி, ரெண்டு பொண்ணுங்களுக்கு கால் போச்சு. கூட்டம் குறைஞ்சது, பங்கும் இறங்குச்சு. பாஸ்ல மிச்சம் பிடிச்சதை பங்குல விட்டுட்டேன்னு புலம்புவார். அப்புறம் 2019ல லீகோ குடும்பத்தோட கிர்க்பி நிறுவனமும் பிளாக்ஸ்டோனும் கனடா பென்ஷன் நிதியமும் சேர்ந்து பங்குக்கு 455 பென்ஸ் குடுத்து மொத்தமா வாங்கிட்டாங்க. பங்குச் சந்தையிலிருந்தே கம்பெனி வெளிய போயிடுச்சு. அவருக்கு போட்ட காசு லாபத்தோட வந்துச்சு, ஆனா பங்கே இல்லாதப்போ தள்ளுபடியும் இல்ல. கிடைச்ச லாபத்துக்கு சந்தோஷப்படாம பாஸை முழு விலைக்கு புதுப்பிச்சதுக்குத்தான் ஃபோன்ல அவ்வளவு நேரம் திட்டினார், மனுஷ சுபாவம் அப்படி.

தர்மபுரி டீமேட்

இங்கிலாந்து கதையை அப்படியே பிடதிக்குக் கொண்டு வர முடியாதுங்க. நம்ம நாட்டு நிலவரத்தைச் சொல்றேன்.

வொண்டர்லா ஹாலிடேஸ் 2014ல பங்கு வெளியிட்டப்போ விலை 125 ரூபாய். நான் கொஞ்சம் வாங்கினேன், இன்னும் வெச்சிருக்கேன். நல்ல கம்பெனின்னு நினைச்சு வாங்கினது, டிக்கெட்டுக்காக இல்ல. பார்க் கவுண்டர்ல போய் "நான் உங்க பங்குதாரர்"னு சொன்னா எல்லாருக்கும் குடுக்கிற அதே சிரிப்புதான் எனக்கும்.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனா ஸ்வீட் பாக்ஸ், டிபன் கேரியர், கூப்பன்னு ஏதாவது கையில குடுத்து அனுப்புவாங்க. அதுக்காகவே ஒத்தை ஒத்தைப் பங்கா வாங்கி வெச்சிருந்த தாத்தாக்கள் சென்னையில உண்டு. 2015 ஜூலையில பொதுக்கூட்டத்தை எப்படி நடத்தணும்னு கம்பெனி செக்ரட்டரிகளுக்கான விதிமுறை வந்ததும், பொதுக்கூட்டத்தை ஒட்டி பரிசோ, பரிசுக் கூப்பனோ, அதுக்குப் பதிலா பணமோ தரக்கூடாதுன்னு ஆயிடுச்சு.

டிவிடெண்டுல, அதாவது கம்பெனி லாபத்துல பங்குதாரருக்குத் தர்ற பணத்துல, டிக்கெட் எடுக்கலாமேன்னு கேப்பீங்க. 2023லயும் 2024லயும் பங்குக்கு ரெண்டரை ரூபாய் குடுத்தாங்க. உங்க குடும்பத்துக்கு டிக்கெட் 6,000 ரூபாய் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதை டிவிடெண்டுலயே எடுக்க 2,400 பங்கு வேணும். 2024 டிசம்பர்ல பெரிய நிறுவனங்களுக்கு பங்கு 829 ரூபாய்க்குக் குடுத்தாங்க. அந்த விலைக்கே போட்டாலும் கிட்டத்தட்ட 20 லட்சம்! வருஷத்துக்கு ஒரு நாள் தண்ணியில குதிக்க 20 லட்சத்தை முடக்குவீங்களா? 125க்கு வாங்கினவனுக்கு லாபம் இருக்குது, இல்லைன்னு சொல்லல. அது பங்குச் சந்தைக் கணக்கு. கொரோனாவுல பார்க்கே பூட்டிக் கிடந்தப்போ என் தூக்கம் போனதும் அதே கணக்குலதான் வரும்.

காலேஜ் பையன், காவேரிப்பட்டிணம்

அண்ணா, ஆப்ல டிஸ்னி பங்கு துண்டு துண்டா வாங்கலாம்ல? ஒண்ணு வாங்கி வெச்சா டிஸ்னிலேண்ட்ல தள்ளுபடி உண்டா?

தர்மபுரி டீமேட்

டிக்கெட்டுல பங்குதாரர்னு தனிச் சலுகை அவங்க தர்றதில்ல தம்பி. டிவிடெண்டுலயும் அமெரிக்காவுல 25 சதவீதம் வரி பிடிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. பங்குதாரருக்கு நுழைவுச் சீட்டே அனுப்புறது டோக்கியோ டிஸ்னிலேண்டை நடத்துற ஓரியண்டல் லேண்ட். அது டிஸ்னிகிட்ட உரிமம் வாங்கி நடத்துற ஜப்பான் கம்பெனி, வேற பங்கு.

பாலக்கோடு தக்காளி

பாஸ் அனுபவம் என்கிட்ட இருக்கு, இனிப்பா இல்ல. ஒரு வாட்டர் பார்க்ல வருட பாஸ் எடுத்தோம், பேர் வேண்டாம். போட்டோ எல்லாம் ஒட்டி அழகாத்தான் குடுத்தாங்க. பொங்கல் லீவுல வண்டி கட்டிக்கிட்டுப் போனா, "பண்டிகை நாள்ல செல்லாதுங்க"ன்னு கேட்ல நிறுத்திட்டாங்க. பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருந்துச்சாம். எங்க மாமனார் கண்ணாடி போட்டும் படிக்க முடியல. எந்த பாஸ் வாங்கினாலும் செல்லாத நாள் பட்டியலை முதல்ல கேளுங்க. பார்க்கிங் சேருமா, லாக்கர் சேருமான்னும் கேளுங்க.

பென்னாகரம் டீச்சர்

எங்க ஸ்கூல் பசங்களோடவும் போயிருக்கேன், வீட்டோடவும் போயிருக்கேன். பங்கு, பாஸ் ரெண்டையும் விடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போற குடும்பத்துக்கு மூணே விஷயம்தான்.

பொதுத்தேர்வு எழுதின பிள்ளை வீட்டுல இருந்தா ஹால் டிக்கெட்டைக் கிழிச்சுப் போடாதீங்க. பரீட்சை முடிஞ்ச பருவத்துல அதைக் காட்டினா வொண்டர்லாவுல நல்ல தள்ளுபடி தர்றாங்க. சனி, ஞாயிறை விட்டு வார நாள்ல போங்க, டிக்கெட்டும் குறைவு, வரிசையும் குறைவு. இருக்கிற 18 சதவீத ஜிஎஸ்டியை நாம ஒண்ணும் பண்ண முடியாது. 2018 ஜனவரிக்கு முன்னாடி அது 28.

மூணாவது, உயரம். அங்க வயசு கேக்கமாட்டாங்க, அளப்பாங்க. 85 செ.மீ.க்குக் கீழ இலவசம், 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். போன தடவை எங்களுக்கு முன்னாடி ஒரு அப்பா, "லேசா குனிஞ்சுக்கோடா"ன்னு பையன் காதுல சொல்றார். அவன் மார்பை நிமிர்த்தி, தலைமுடியையும் தூக்கி விட்டுக்கிட்டு, "நான் பெரியவன், பெரிய ரைடெல்லாம் ஏறுவேன்"ன்னு கோட்டைத் தாண்டி நின்னான். கவுண்டர்ல இருந்த பொண்ணுக்கே சிரிப்பு தாங்கல. அப்பா பர்ஸை எடுத்தார்.

ஓசூர் ஜெனரல் ஷிஃப்ட்

டீச்சர் சொன்னது சரிங்க. இன்னொண்ணும் பாருங்க, நான் பாஸ்ல கண்ட சுகமே பக்கத்துல குடியிருந்ததால வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு எல்லைக்கே 90 கி.மீ. கிட்ட. அதையும் தாண்டி மைசூர் ரோட்ல போய் பிடதி. "சும்மா ரெண்டு மணி நேரம்"னு யாரும் போகப்போறதில்ல.

சூளகிரி டிராவல்ஸ்

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு லாபமான வருட பாஸ் ஒண்ணு இருக்கு, அது பார்க் பாஸ் இல்ல, தேசிய நெடுஞ்சாலை டோலுக்கான ஃபாஸ்டேக் பாஸ். 2025 ஆகஸ்ட் 15ல வந்தப்போ 3,000 ரூபாய்க்கு 200 தடவை, இல்ல ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது வரைக்கும். சொந்தக் காருக்கு மட்டும், என் வாடகை வண்டிக்குக் கிடையாது. கிருஷ்ணகிரி டோல்ல அடிக்கடி போற வர்றவங்களுக்கு போட்ட காசு மிச்சமாயிடும். ஆனா பிடதிக்கு பெங்களூருவைச் சுத்திப் போற நைஸ் ரோட்டைப் பிடிச்சீங்கன்னா அங்க தனியா கட்டணும், அது தேசிய நெடுஞ்சாலை இல்ல.

கார் வேண்டாம்னா ஓசூர்ல பஸ் ஏறி பொம்மசந்திரா இறங்குங்க. மஞ்சள் லைன் மெட்ரோ ஆர்.வி. ரோடு வரை, பச்சை லைன்ல மெஜஸ்டிக், அங்க ஊதா லைன் மாறி சல்லகட்டா. அதுக்கு மேல மைசூர் ரோட்ல பஸ். சுத்துதான், ஆனா பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசல்ல உக்காந்து பசங்க வாந்தி எடுக்கிறதுக்கு இது தேவலை.

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் நன்றிங்க. மச்சான்கிட்ட 20 லட்சம் கணக்கைக் காட்டினேன், "நீண்டகால முதலீடு மாமா"ன்னு பேச்சை மாத்திட்டான். அது வேற விஷயம், டீமேட் சார்கிட்ட தனியா கேக்கச் சொல்லியிருக்கேன். பெரியவன் இந்த வருஷம் பத்தாவது எழுதினவன், ஹால் டிக்கெட் பீரோவுல பத்திரமா இருக்கு. அந்தச் சலுகை எந்தத் தேதி வரைக்கும்னு பார்க்குக்கே ஃபோன் போட்டுக் கேட்டுட்டு, ஒரு செவ்வாய்க்கிழமையா பாத்துக் கிளம்பறோம்.