சதாபிஷேக மாலைக்கு எந்த விக்ரம்?

சித்தப்பா: அப்பாவின் சதாபிஷேகத்தன்று மாலை மண்டபத்தில் திரை கட்டிப் படம் போடுவதாகப் பேசியிருந்தோம். புரொஜெக்டர்காரர் இன்று இரவுக்குள் படத்தின் பெயரைக் கேட்கிறார்.

பெரியப்பா: விக்ரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தங்கை: லோகேஷ் கனகராஜ் படம்தானே, பெரியப்பா?

பெரியப்பா: இல்லையம்மா. நான் சொல்வது 1986-இல் ராஜசேகர் இயக்கத்தில் வந்த படம். அதைச் சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதினார். திரைக்கதையிலும் கமலோடு சேர்ந்து உழைத்தார். கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணையைத் தேடி, மனைவியைப் பறிகொடுத்த உளவாளி ஒருவன், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குப் போகிறான். 2022-இல் நீங்கள் விசிலடித்த படம் பெயரையும் நாயகனையும் இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

அண்ணன்: கதை முழுவதையும் சொல்லிவிட்டீர்கள்.

சித்தப்பா: சத்யராஜின் சுகிர்தராஜாவைச் சொல்லவில்லையே! அந்த வில்லனுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

அத்தை: சலாமியா வந்ததும் அப்பா தியேட்டரிலேயே முணுமுணுக்க ஆரம்பித்தார் என்பதை மறந்துவிட்டீர்களா? டிம்பிள் கபாடியா இளவரசியாக வந்த பிறகு, உளவுக் கதை ராஜா ராணிக் கதையாகிவிட்டது என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குப் பிடித்தது தொடர்தான்.

பெரியப்பா: உண்மை. அத்தியாயங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். 1989 மே 22 அன்று சந்திப்பூரிலிருந்து அக்னி ஏவுகணை முதன்முறையாகச் சோதிக்கப்பட்டபோது, அந்தத் தொகுப்பை எடுத்துவந்து, 'சுஜாதா மூன்று வருடம் முன்பே எழுதிவிட்டார்' என்று தெருவுக்கே காட்டினார். அந்தத் தொகுப்பு உன் கல்யாணத்துக்குப் பிறகு யாருடைய பெட்டியில் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை: அண்ணா, முப்பது வருடமாக இதே பேச்சா? என் பித்தளை அண்டா எங்கே என்று நான் கேட்டேனா?

பாட்டி: அண்டா என்னிடம்தான் இருக்கிறது. சண்டை வேண்டாம். ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக வருவாரே, அந்தப் படம் என்றால் எனக்குச் சம்மதம்.

தங்கை: 2022 படத்தையே போடலாமே? தாத்தா அதை இன்னும் பார்க்கவில்லை.

பெரியப்பா: எண்பது வயதில் அவருக்கு அவ்வளவு துப்பாக்கிச் சத்தம் எதற்கு?

அண்ணன்: தாத்தாவையே கேட்டுவிடலாம்.

சித்தப்பா: கேட்டேன். படம் எதுவானாலும் சரி, தொடரின் தொகுப்பு வேண்டும் என்கிறார். புரொஜெக்டர்காரரிடம் 'விக்ரம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எந்த வருடத்துப் படம் என்று அவர் கேட்கவில்லை.

அத்தை: பரணில் தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் கொண்டுவருவேன்; கிடைக்காவிட்டால் மண்டபத்தில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது.