நிலநடுக்கப் பகுதிக்குக் கிளம்பும் மருத்துவருக்குக் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் பொது மருத்துவர். வெளிநாட்டில் நிலநடுக்கம் பாதித்த இடத்துக்கு ஒரு தன்னார்வக் குழுவோடு அடுத்த வாரம் கிளம்புகிறேன். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் ஆளாளுக்குக் கிளம்பிப் போய் அங்கிருப்பவர்களுக்கே பாரமானது தெரியும் என்பதால் தனியாகப் போக மனமில்லை. அந்நாட்டு அரசின் அனுமதி வந்துவிட்டது. தடுப்பூசிகள் போட்டாயிற்று. தண்ணீர், சாப்பாடு, கூடாரம் குழுவின் பொறுப்பு.

நாங்கள் போய்ச் சேரும்போது மீட்பு வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆனால் இடிபாட்டில் கை கால் நசுங்கிப் பிழைத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். நரம்பில் ஏற்றும் திரவங்களில் ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருப்பதால் நார்மல் சலைன் எனும் உப்புக் கரைசலைத்தான் ஏற்ற வேண்டும், சரி. இப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ரத்தப் பரிசோதனைக்கே வழியில்லாத கூடாரத்தில் என்ன செய்தீர்கள்? கையடக்க ஈசிஜியை மட்டும் நம்பலாமா? எந்தக் கட்டத்தில் டயாலிசிஸுக்கு அனுப்பினீர்கள்?

அப்புறம், இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் வீட்டோடு புதைந்துபோனவர்கள் நிறையப் பேர் வருவார்கள். பனிக்கட்டி கிடைக்காத இடத்தில் இன்சுலினை எப்படிக் காப்பாற்றினீர்கள்?

வலிக்கு மார்ஃபின் கொண்டுபோக இரு நாட்டு அனுமதியும் வேண்டும், அதற்குள் கிடைக்குமா தெரியவில்லை. வலியை மறக்கடிக்கும் மயக்க மருந்தான கெட்டமினுக்கும் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. இரண்டும் இல்லாமல் சமாளித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

"போகாதே" என்ற அறிவுரை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, இங்கே வேண்டாம். தனிச்செய்தி அனுப்பினால் நானே அழைக்கிறேன். புதன்கிழமைக்குள் மருந்துப் பெட்டியைக் கட்டியாக வேண்டும்.