மறு: "ரா ககாவ்" – பச்சைக் கொக்கோ வேண்டாம், வறுக்காத கொக்கோ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கடையில் "ரா ககாவ்" (raw cacao) என்று விற்கும் கொக்கோவுக்குப் பொட்டலத்தில் அச்சிடத் தமிழ்ச் சொல் கேட்டு வந்த தோழிக்கு இந்த இழையில் இதுவரை கிடைத்தவை இரண்டு: பச்சைக் கொக்கோ, இயற்கைக் கொக்கோ. இரண்டாவது எதையும் சொல்லவில்லை. மரத்தில் காய்ப்பதெல்லாம் இயற்கைதான். முதலாவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆனைமலைப் பக்கம் என் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கொக்கோ இருக்கிறது. காயை உடைத்தால் முப்பது நாற்பது கொட்டைகள் வெள்ளைச் சதையோடு கொத்தாக ஒட்டியிருக்கும். சதையைச் சப்பினால் புளிப்பும் இனிப்பும். கொட்டையைக் கத்தியால் இரண்டாக அரிந்தால் உள்ளே கத்தரிப்பூ நிறம். வாயில் போட்டால் ஒரே கசப்பு, நாக்கு இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு. சாக்லேட் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. சித்தப்பா இதைத்தான் "பச்சைக் கொட்டை" என்கிறார்.

இதை மரப்பெட்டியில் கொட்டி, மேலே வாழையிலை மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். முதலில் இட்லி மாவு புளித்த வாடை, அப்புறம் மூக்கைத் துளைக்கும் காடி வாடை. மூன்றாம் நாள் கிளறும்போது நடுவில் கையை விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. நுண்ணுயிர்களின் வேலையால் குவியல் தானாகவே 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டிலும் புளிப்பமிலத்திலும் விதை செத்துப்போகும். முளைக்காது. நிறம் பழுப்பாக மாறும், பின்னால் வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறப்போகிற பொருள்கள் அப்போதுதான் உருவாகின்றன. பிறகு ஒரு வாரம் வெயிலில் காயவைப்பார்கள்.

கடையில் "ரா" என்று விற்பது இப்படிப் புளித்துக் காய்ந்த கொட்டையைத்தான். பெரும்பாலும் விடுபட்டிருப்பது வறுத்தல் ஒன்றே. இதற்கும் சித்தப்பாவின் பச்சைக் கொட்டைக்கும் ஒரே பெயர் வைத்தால், தோப்புக்காரர் ஒன்று சொல்வார், வாங்குகிறவர் வேறொன்று நினைப்பார்.

இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: காப்பியில் வறுக்காத கொட்டையைப் பச்சைக் கொட்டை என்கிறோமே? வேர்க்கடலையிலும் அப்படித்தானே?

நியாயமான கேள்வி ஐயா. பச்சரிசியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் காப்பிக் கொட்டையைப் பச்சையாக யாரும் தின்பதில்லை. அது வறுக்கப் போகிறவர்களுக்கு இடையே புழங்கும் சொல், அங்கே குழப்பம் வராது. இது அப்படியே வாயில் போட விற்கும் பண்டம். அதன்மேல் "பச்சை" என்று போட்டால் மரத்திலிருந்து நேராக வந்தது, சூடே படாதது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். விற்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பழங்கால மாயர்களும் அஸ்டெக்குகளும் இப்படி வறுக்காமல்தான் சாப்பிட்டார்கள் என்ற பேச்சும் கூடவே வருகிறது. அவர்கள் கொட்டையை ஓட்டில் வறுத்து, கல்லில் அரைத்து, நீரில் கரைத்துக் குடித்தவர்கள். மிளகாயும் போடுவார்கள். நுரைக்காக ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். எட்டாம் நூற்றாண்டையொட்டிய மாயர் குவளை ஒன்றில் ஒரு பெண் அப்படி ஊற்றும் ஓவியம் இருக்கிறது. நம் டீக்கடையில் ஆற்றுகிற அதே கை. இதற்குத் தனியாகச் சொல் எதையும் ஆக்கவேண்டாம், 'ஆற்றுதல்' போதும்.

உடல்நலப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன், பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு அது தேவை. கொக்கோவில் ஃபிளவனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் இருப்பதும் அவை இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுவதும் உண்மை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் இதை ஏற்றது. 2022-ல் வெளியான காஸ்மாஸ் (COSMOS) என்ற மருத்துவ ஆய்வில் 21,442 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். அதில் தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் எடுத்துக்கொண்டவர்களுக்கு மொத்த இதயநோய் நிகழ்வுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, இதயநோய்ச் சாவுகள் மட்டும் குறைவாக இருந்தன. அதுவும் மாத்திரையாகக் கொடுத்த சாறு, சாக்லேட் அல்ல. ஃபிளவனால் வறுக்கும்போது குறைகிறது, சரி. ஆனால் புளிக்கும்போதே நிறையப் போய்விடுகிறது. அந்த இழப்பை "பச்சை" என்ற சொல் மறைக்கிறது என்பதுதான் என் வருத்தம். இன்னொன்று, திறந்த களத்தில் காய்ந்த கொட்டையில் உள்ள கிருமிகளைக் கொல்வது வறுக்கும் சூடுதான். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களும் வறுக்காதது என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: பொட்டலத்தில் வறுக்காத கொக்கோ. கலைச்சொல் பட்டியலுக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் வறுக்காக் கொக்கோ, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ஒற்று மிகும். மரத்திலிருந்து வந்த ஈரக் கொட்டைக்குச் சித்தப்பாவின் பச்சைக் கொட்டை அப்படியே இருக்கட்டும். புளித்துக் காய்ந்ததற்குப் பதக்கொட்டை என்று ஒன்று ஆக்கிப் பார்த்தேன், பதப்படுத்தியது என்ற பொருளில். எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

"ககாவ்" வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாயர் சொல் 'ககவ்', குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறைக் குவளையிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதுவே இரண்டு எழுத்துக்கூட்டலாகப் (cacao, cocoa) பிரிந்து, ஒன்று உயர்ந்தது மற்றது மட்டம் என்று விற்பனைக்கு உதவுகிறது. நமக்கு அந்தப் பிரிவினை எதற்கு? ஒரே மரம், ஒரே பெயர்.

1828-ல் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக்காரர் வான் ஹூட்டன் காப்புரிமை பெற்ற கொழுப்புப் பிழியும் முறையோடு சேர்ந்து வளர்ந்த காரமூட்டலுக்கு (கொக்கோவின் புளிப்பைத் தணிக்க ஆல்கலி சேர்ப்பது) ஒருவர் "காரக் கொக்கோ" என்றிருந்தார். மிளகாய் போட்டது என்றுதான் படிப்பார்கள். டச்சுமுறைக் கொக்கோ என்றே வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, தோடு நீக்கி உடைத்த துண்டுகள். ஆங்கிலத்தில் "நிப்ஸ்". கொட்டையை உடைத்து முறத்தில் புடைத்தால் தோடு பறந்து துண்டு நிற்கிறது. என் சித்தி அதைப் பார்த்ததும் "குருணை மாதிரி இருக்கு" என்றார். கொக்கோக் குருணை. இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. நொய் என்றும் சொல்லலாம், ஆனால் நொய் இன்னும் பொடியானது.

இலங்கையில் மாத்தளைப் பக்கம் கொக்கோத் தோட்டங்களில் இருந்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது குழுவில் இருந்தால், புளித்துக் காய்ந்த கொட்டைக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டுச் சொல்லுங்கள். புழங்கும் சொல் ஒன்று இருந்தால் என் பதக்கொட்டையை இன்றே எடுத்துவிடுவேன்.

அன்புடன்.